எந்தக் கண்ணுக்குக் கீழே நீலம்

யங்ஸ்டவுன், ஒஹாயோ
4 மார்ச் 1990

ரஸ்,

மூன்று வருடம் ஆகிவிட்டது. முதலில் எழுதுவது நான்தான், அதைக் குறித்து வைத்துக்கொள்.

'கிரிம்பிள்' இரண்டாம் பாகம் எடுக்கிறோம். முதல் படம் திறந்தவெளித் திரையரங்கில் ஒரு வாரம் ஓடிவிட்டுக் காணாமல் போகும் என்றுதான் நீயும் நானும் நினைத்தோம். வீடியோ கேசட்டாக வந்த பிறகு அது எங்கெங்கோ போய்விட்டது. நேற்று பெட்ரோல் போடப் போன இடத்தில் ஒருவன் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினான். "யோவ், அந்தப் பேய்க் கோமாளி படம் எடுத்த ஆளு நீதானே? என் பொண்டாட்டி இன்னும் ஐஸ்கிரீம் பெட்டியத் திறக்க மாட்டேங்கறா!" என்றான். இருபத்திரண்டு வருடம் தொலைக்காட்சிச் செய்திக்காகத் தீ விபத்துகளையும் மேயர்களையும் படம் பிடித்தேன். ஒருவனும் என் சட்டையைப் பிடித்ததில்லை.

போன முறை கிரிம்பிளை பீட்சா அடுப்பில் போட்டு எரிப்பதாகத்தானே கதை, இந்த முறை அந்தச் சாம்பலை யாரோ கேக் மாவில் கலந்துவிடுகிறார்கள். மூடிக் கிடக்கும் ஸ்கேட்டிங் கூடத்தில் பிறந்தநாள் விருந்து. ஒரு பலூன் நாய் பாதிரியாரின் கழுத்தை நெரிக்கிறது. பாதி சிரிப்பு, பாதி பயம். பதினாறு நாள் படப்பிடிப்பு. இரத்தத்துக்கு மக்காச்சோளப் பாகையும் சிவப்புச் சாயத்தையும் நானே வீட்டில் காய்ச்சுகிறேன். சமையலறை முழுக்க எறும்பு.

நீ வர வேண்டும். அந்த முகம் உன் கைக்குத்தான் வரும். ஏப்ரல் 2 ஆரம்பம்.

ட்ரினாவும் நடிக்கிறாள். என் பெண்ணுக்கு இப்போது பத்து வயதாகிறது. உன் காட்சிகளையும் அவள் காட்சிகளையும் தனித்தனியாக எடுத்து ஒட்டிக்கொள்கிறேன். அவளுக்குப் பள்ளிக்கூடம், உனக்கு தூரம், அதனால்தான்.

பழசையெல்லாம் விட்டுவிடு.

வெர்ன்


பெரு, இண்டியானா
11 மார்ச் 1990

வெர்ன்,

வர மாட்டேன்.

காரணத்தை ஒழுங்காகச் சொல்கிறேன், பிறகு 'ரஸ்ஸுக்குத் தலைக்கனம்' என்று ஊரெல்லாம் சொல்லாதே.

இங்கே வந்த நாளிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் காலை பத்து மணிக்கு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் போகிறேன். பாப்கின் என்ற பெயரில், முப்பத்தொரு வருடமாக நான் போடும் அதே முகத்தில். பிப்ரவரி 8ஆம் தேதி மூன்றாவது மாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். இரண்டாவது கட்டிலில் மார்சி என்று புதிதாக ஒரு பெண், எட்டு வயது, சிறுநீரகக் கோளாறு. என்னைப் பார்த்தாள். வீறிட்டாள். கையில் ஏறிக்கொண்டிருந்த ஊசியைத் தானே பிடுங்கி எறிந்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள். படுக்கை விரிப்பில் இரத்தம். அது மக்காச்சோளப் பாகு இல்லை, வெர்ன்.

அவளுடைய அண்ணன் உன் கேசட்டைக் காட்டியிருக்கிறான். தலைமைச் செவிலி என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். "டில்லரி சார், தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே இந்த மூஞ்சியோட வராதீங்க. வேற ஏதாவது போட்டுக்கிட்டு வாங்களேன்" என்றார். சட்டையை மாற்றச் சொல்வது போலச் சொன்னார். என்னிடம் வேறு முகம் கிடையாது.

நான் கேட்பது ஒன்றுதான். இரண்டாம் பாகத்தில் உன் பேய்க்கு வேறு முகம் போடு. எதை வேண்டுமானாலும் போடு. என்னுடையதை விட்டுவிடு.

இன்னொன்று. ட்ரினாவும் நானும் ஏன் ஒரே நேரத்தில் அங்கே இருக்கக் கூடாது? மூன்று கிறிஸ்துமஸாக அவளிடமிருந்து அட்டை வரவில்லை. நீ தடுத்தாயா?

ரஸ்


யங்ஸ்டவுன்
19 மார்ச் 1990

ரஸ்,

எட்டு வயதுப் பெண்ணுக்கு அந்தப் படத்தைப் போட்டுக் காட்டிய தடியனைப் போய்க் கேள். என்னை ஏன் கேட்கிறாய்?

முகத்தை மாற்று என்கிறாய். கேசட் பெட்டியின் அட்டையில் இருப்பது என்ன? முகம். கடைக்காரன் சன்னலில் ஒட்டுவது என்ன? முகம். கிளீவ்லாந்து விநியோகஸ்தரிடம் நேற்றுத் தொலைபேசியில் பேச்சுக்குக் கேட்டுப் பார்த்தேன். "மூஞ்சி இல்லேன்னா படமே இல்ல, வெர்ன். உன் கதையப் பாக்கவா ஜனங்க வர்றாங்க?" என்றான். அதற்கு மேல் நான் என்ன பேசுவது?

உன் முகம், உன் முகம் என்கிறாயே, யார் உன்னிடமிருந்து பிடுங்கினார்கள்? ஒப்பனைக்காரன் வராத அன்று, "எனக்குத் தெரிஞ்சதப் போட்டுக்கறேன், விடு" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தது நீ. நாற்பது நிமிடம் நீயே பூசிக்கொண்டாய். அப்போது இந்தப் புனிதமெல்லாம் எங்கே போயிருந்தது?

உங்கள் கோமாளிச் சங்கத்தில் அந்த முகத்தை வாத்து முட்டையில் வரைந்து உன்னுடையதென்று பதிவு செய்திருக்கிறாய், தெரியும். அந்த முட்டையை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போ. நீதிபதி ஆம்லெட் போடச் சொல்வார்.

முதல் படத்தின் ஒன்பதாம் நாள் காலை பதினொரு மணிக்குப் பதினான்கு பேரை நடுவில் நிற்கவைத்துவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு போனவன் நீ. ஒப்பனை டப்பாவைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. உன்னை வா என்று நான் கூப்பிட்டதே பெரிய மனது. வராவிட்டால் போ. ட்வைட் என்று ஒருவன் இருக்கிறான், சோபா விற்கிறவன், உன் உயரம்தான். அவன் போட்டுக்கொள்வான்.

ட்ரினாவை நான் தடுக்கவில்லை.

வெர்ன்


பெரு
27 மார்ச் 1990

வெர்ன்,

நான் போட்டுக்கொண்டது தவறு. அதை மறுக்கவில்லை. என் கைக்குத் தெரிந்தது ஒரு முகம்தான், அதைப் போட்டேன். ஒரு வாரத்துப் படம் என்று நினைத்தேன். முப்பத்தொரு வருடத்தில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அது. அதற்கு மார்சியின் படுக்கை விரிப்பைப் பார்த்து விலை கொடுத்துவிட்டேன்.

நீ முட்டையைக் கிண்டல் செய்கிறாய், அதனால் சொல்கிறேன். எங்களில் ஒருவன் முகத்தை இன்னொருவன் போடுவதில்லை. செத்தவன் முகத்தைக்கூடப் போடுவதில்லை. என் முகத்தில் வரும் அந்த நீல டைமண்ட் பொட்டை நான் அழகுக்காக வரையவில்லை. இடது கண்ணுக்குக் கீழே கழுதை உதைத்த தழும்பு இருக்கிறது, அதை மறைக்க வைத்தேன். வாய் அவ்வளவு அகலமாக இருப்பதற்குக் காரணம் என் மேலுதடு மெல்லியது. அந்த முகத்தின் ஒவ்வொரு கோடும் என் எலும்புக்குத் தைத்த துணி. உன் சோபாக்காரனுக்கு அது பொருந்தாது.

ஒன்பதாம் நாளைப் பற்றி நீ எழுதியது பாதிதான். மீதியை நான் எழுதுகிறேன். நீ என்னை ஐஸ்கிரீம் பெட்டியின் பின்பக்கம் அழைத்துப் போய், குரலைத் தாழ்த்திச் சொன்னாய்: "ட்ரினாகிட்ட எதுவும் சொல்லாதே. அவ சும்மா ஐஸ்கிரீம் எடுக்கற காட்சின்னு நெனச்சுக்கிட்டிருக்கா. நீ கத்தியோட உள்ளேருந்து எழுந்திரு. நெசமாவே கத்தணும், ரஸ். ஏழு வயசுப் பொண்ணுக்கு நடிக்கத் தெரியாது."

நான் சொன்னேன்: "அவ என் கையால கேக் தின்னு வளர்ந்தவ. இந்த மூஞ்சியப் பாத்தா ஓடி வந்து கழுத்தக் கட்டிக்கறவ."

நீ சொன்னாய்: "அதனாலதான்டா நல்லா வரும்."

அதற்குப் பிறகுதான் தொப்பியை மாட்டினேன். வண்டியில் ஏறி நேராக இங்கே வந்துவிட்டேன். அந்தக் காட்சியை நீ என்ன செய்தாய் என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன். அதை எடுத்தாயா? என் முகத்தைப் போட்டுக்கொண்டு பெட்டிக்குள் உட்கார்ந்தது யார்?

படத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன்.

ரஸ்


யங்ஸ்டவுன்
6 ஏப்ரல் 1990

ரஸ்,

ஐந்தாம் நாள். கூடத்தின் கூரை நான்கு இடத்தில் ஒழுகுகிறது. பலூன் நாய்கள் விளக்குச் சூட்டில் வெடிக்கின்றன. கழுத்தை நெரிக்க வேண்டிய நாய் நேற்று பாதிரியாரின் காதருகே வெடித்தது; அவர் சொன்ன வார்த்தையைப் படத்தில் வைக்க முடியாது. ட்வைட்டுக்கு முகம் அரிக்கிறதாம். கேசட் அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே அவனுக்குப் பூசுகிறேன். பூசி முடிப்பதற்குள் மூன்று முறை சொறிந்து, பேய் மாதிரி இல்லாமல் அழுத பிள்ளை மாதிரி நிற்கிறான். "சார், இது கழுவினா போயிடும்ல?" என்று கேட்கிறான், மணிக்கொரு முறை. இதற்கு நடுவில் உன் பிரசங்கத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது.

யார் என்று கேட்டாய். ஸ்ட்ரதர்ஸ் பக்கத்திலிருந்து ஒரு வெல்டர். இரண்டு பீட்சாவுக்கு வந்தான், செய்தான், போய்விட்டான். பெயர்கூட ஞாபகமில்லை. ட்ரினாவிடம் முன்பே சொல்லித்தான் எடுத்தோம். அவள் நடித்தாள். போதுமா?

பார்க்காமலேயே தீர்ப்பு சொல்கிறவன் நீ. அந்தக் காட்சியைப் பற்றி டெட்ராய்ட் பத்திரிகையில் ஒருவன் அரைப் பக்கம் எழுதினான். கோமாளி முன்னால் வருகிறான், சட்டென்று அரை அடி தயங்குகிறான், பிறகு மறுபடி வருகிறான். அந்தத் தயக்கம்தான் படத்திலேயே பயங்கரம் என்று எழுதினான். நீ அங்கேயே இருந்திருந்தால் அந்தப் புகழ் உனக்கு வந்திருக்கும். ஓடிப் போனாய். இப்போது வயிறெரிகிறாய்.

அட்டை அனுப்புவதை ட்ரினா தானாகவே நிறுத்தினாள். அவளுக்கு எழுதிக் கேட்டுக் குழப்பாதே.

வெர்ன்


பெரு
14 ஏப்ரல் 1990

வெர்ன்,

பார்த்துவிட்டேன்.

இன்று காலை வீடியோ கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த பெண், "இது செம காமெடி சார். ஆனா ஃப்ரீசர் காட்சி மட்டும் வெளையாட்டு இல்ல" என்றாள். மதியம் இரண்டு மணிக்கு, திரைச்சீலையைத் திறந்து வைத்து, நல்ல வெளிச்சத்தில் பார்த்தேன்.

முதல் நாற்பத்தாறு நிமிடத்தில் வருவது நான். அதில் எனக்குச் சிரிப்பு வந்தது, ஒப்புக்கொள்கிறேன். நாற்பத்தேழாவது நிமிடத்தில் ட்ரினா பெட்டியைத் திறக்கிறாள்.

எழுந்திருக்கிறவனுக்கு நீலம் வலது கண்ணுக்குக் கீழே இருக்கிறது. புதிதாக முகம் போடுகிறவன் எல்லாரும் செய்கிற பிழை அது. முட்டையைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் தெரிகிற பக்கத்திலேயே கண்ணாடியிலும் பூசுவான். கண்ணாடி பக்கத்தை மாற்றிவிடும் என்பது ஒருவர் சொல்லித் தந்தால்தான் தெரியும். முட்டை என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? அந்த முகத்துக்கு இரண்டு முட்டைதான் உண்டு. ஒன்று சங்கத்து அலமாரியில். மற்றது ட்ரினாவின் நான்காவது பிறந்தநாளுக்கு நான் கொடுத்தது, அவள் அறை அலமாரியில் இருந்தது. ஸ்ட்ரதர்ஸ் வெல்டர் உன் மகளின் அறைக்குள் போய் அதை எடுத்து வந்தானா?

அந்த ஆளின் வலது தோள் இரண்டு அங்குலம் தாழ்ந்திருக்கிறது. இருபத்திரண்டு வருடம் செய்திக் கேமரா சுமந்த தோள்.

ட்ரினா என்ன கத்துகிறாள் என்று நான்கு முறை ஓட்டிக் கேட்டேன். "அப்பா!" என்று கத்துகிறாள். "அப்பா! அப்பா!" என்று கதவைப் பார்த்துக் கத்துகிறாள். அப்போதுதான் கோமாளி அரை அடி தயங்குகிறான். டெட்ராய்ட்காரன் அரைப் பக்கம் எழுதியது இதைப் பற்றித்தான்.

பிறகு அவன் மறுபடி முன்னால் போகிறான்.

கேசட் பெட்டியின் அட்டையில் இருக்கும் முகத்தையும் பார்த்தேன். அதிலும் நீலம் வலது பக்கம். மார்சியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியது நான் இல்லை, நீ.

ட்ரினா மூன்று வருடமாக எனக்கு ஏன் எழுதவில்லை என்பது இப்போது புரிகிறது. அந்த முகம் அவளுக்கு ரஸ் அங்கிள். கத்தியோடு வந்தது ரஸ் அங்கிள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீ அவளை நினைக்கவிட்டாய்.

அவளிடம் சொல்.

ரஸ்


யங்ஸ்டவுன்
19 ஏப்ரல் 1990

ரஸ்,

என் மகள். என் வீடு. அங்கே என்ன பேசுவது என்று எனக்குத் தெரியும். கல்யாணமும் ஆகாமல், பிள்ளையும் இல்லாமல், மற்றவன் பிள்ளைகளுக்குப் பலூன் முறுக்கிக் கொடுத்தே காலத்தைத் தள்ளியவன் எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.

இனி எழுதாதே.

வெர்ன்


பெரு
24 ஏப்ரல் 1990

வெர்ன்,

பிள்ளை இல்லாதவன்தான். அதனால்தான் இருந்த ஒரு பெண்ணைப் பற்றிக் கேட்கிறேன்.

ஒன்றை யோசித்துப் பார்த்தேன், அது உன்னைவிட என்னைத்தான் குத்துகிறது. முகம் போடுவதை எந்தக் குழந்தையும் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். பாதி பூசிய கோமாளியைப் பார்த்தால் குழந்தைக்கு மாயம் போய்விடும் என்பார்கள். ட்ரினா எத்தனையோ முறை கதவைத் தட்டினாள். "ரஸ் அங்கிள், ஒரே ஒரு தடவை பாக்கறேன்" என்பாள். நான் தாழ்ப்பாள் போட்டேன். அந்த முகத்துக்குக் கீழே வேறு ஆள் இருக்க முடியும் என்று அவளுக்குத் தெரியாமல் போனது அந்தத் தாழ்ப்பாளால்தான். நீ அதைப் பயன்படுத்திக்கொண்டாய். ஆனால் கதவைச் சாத்தியது நான்.

என் பங்கை நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். உன் பங்குக்கு இன்னும் எவ்வளவு நாள் வேண்டும்?

நீ சொல்லாவிட்டால் நான் அவளுக்கு எழுதுவேன் என்று மிரட்டப் போவதில்லை. என் வாயால் வந்தால் அது புகார். உன் வாயால் வந்தால்தான் அவளுக்கு உதவும்.

ரஸ்


யங்ஸ்டவுன்
13 மே 1990

ரஸ்,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இடையில் எனக்காக எதுவும் சொல்லிக்கொள்ளப் போவதில்லை.

பன்னிரண்டாம் நாள் ட்வைட்டின் முகம் வீங்கிக் கண் இரண்டும் மூடிக்கொண்டன. இரண்டு வாரம் காத்துப் பார்த்தோம், ஆனால் இனி அந்தப் பூச்சைத் தொடவே கூடாது என்றார் மருத்துவர். கடைசிக் காட்சி பாக்கி இருந்தது: கிரிம்பிளும் ட்ரினாவும் மட்டும். அவள் ஆரம்பத்திலேயே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். "ரஸ் அங்கிள் வந்தா நான் வர மாட்டேன்." உன் காட்சிகளைத் தனியாக எடுக்கிறேன் என்று எழுதியது அதனால்தான். இப்போது உயரம் சரியாக இருப்பவன் நான் ஒருவன்தான். மறுபடியும் நான்.

மே 5, சனிக்கிழமை காலை. உன் முட்டை கீழ்த்தளத்து மேசை இழுப்பறையில் இருந்தது. முதல் படத்தில் அந்தக் காட்சி எடுத்த அன்று வீட்டுக்கு வந்து அதை அலமாரியில் திரும்ப வைத்தேன்; ட்ரினா அதை எடுத்து வந்து, "இத என் ரூம்ல வெக்காதே" என்று என்னிடம் நீட்டினாள். நான் பஞ்சில் சுற்றி இழுப்பறையில் போட்டேன். அதைக் கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போய்க் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தேன். உன் கடைசி இரண்டு கடிதங்களும் சட்டைப் பையில் இருந்தன. கதவைத் திறந்து ட்ரினாவை உள்ளே கூப்பிட்டேன். சொல்ல வேண்டியதை வரிசையாகத் தயார் செய்து வைத்திருந்தேன்.

வாடகை ஸ்கேட் வைக்கும் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீயா போடப் போறே?"

"ட்வைட்டுக்கு முடியலம்மா."

"சரி."

வெள்ளை பூசினேன். சிவப்பு வாய் வரைந்தேன். நீலத்தைத் தொட்டு வைத்தேன்.

"அப்பா, தப்புப் பக்கம் போடறே."

"எது?"

"நீலம். முட்டையில அந்தக் கண்ணு. நீ இந்தக் கண்ணுல வெக்கறே."

கண்ணாடியைப் பார்த்தேன். சரியாகத்தான் தெரிந்தது. நீ எழுதியதைப் படித்தவன்தான், ஆனாலும் கை அங்கேயே போயிற்று.

அவள் முட்டையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "அன்னிக்கும் இந்தப் பக்கம்தான் இருந்துச்சு" என்றாள். "ரஸ் அங்கிள் கெட்டவரா மாறினதால நீலமும் மாறிடுச்சுன்னு நெனச்சேன். அம்மாகிட்டச் சொன்னேன். அம்மா சிரிச்சாங்க."

நான் திரும்பினேன்.

"அது நீதானே?"

"ஆமா."

"நான் உன்னக் கூப்பிட்டேன்."

"ஆமா."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்புறமும் வந்தே."

மூன்று வருடத்துக்கு முந்தைய அந்த நாளையும் சொல்கிறேன், ரஸ். அன்று காட்சி முடிந்து முகத்தைக் கழுவிக்கொண்டு ஓடி வந்தபோது அவள் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "எங்க போயிருந்தே?" என்பது. வெளியே போயிருந்தேன் என்றேன். ரஸ் அங்கிள் சும்மா வேஷம் போட்டு வந்தார், பயப்படாதே என்றேன். ஒரே ஒரு வாக்கியம். அதற்குப் பிறகு அதைத் திரும்பப் பெறவே முடியவில்லை.

அவள் வண்டிக்குள் போய் உட்கார்ந்து கதவைப் பூட்டிக்கொண்டாள். ஒரு மணி நாற்பது நிமிடம். பதினொரு பேர் காத்திருந்தார்கள். பிறகு வந்து கேமராக்காரரிடம், "ஓட்டுங்க" என்றாள்.

கதைப்படி அவள் கேக் கத்தியால் குத்த வேண்டும், கிரிம்பிள் உருக வேண்டும். அவள் கத்தியை எடுக்கவில்லை. தரை துடைக்கும் வாளியையும் துணியையும் தூக்கிக்கொண்டு வந்தாள். என் தலைமுடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு முகத்தைத் தேய்த்தாள். அழவில்லை. பாத்திரம் கழுவுவது போலத் தேய்த்தாள். வெள்ளை, சிவப்பு, நீலம் எல்லாம் வழிந்து என் முகம் வரும் வரைக்கும். நிறுத்து என்று சொல்ல வேண்டியவன் நான்தான், நான் நாற்காலியில் இருந்தேன். சுருள் தீரும் வரை ஓடியது.

அதுதான் படத்தின் முடிவு. கிளீவ்லாந்துக்காரன் பார்த்துவிட்டு, "சிரிப்புதான் வருது, ஆனா என்னவோ மாதிரி இருக்கு, வெர்ன்" என்றான். வெட்டச் சொன்னான், மறுத்தேன். பெட்டி அட்டையை மாற்றச் சொன்னேன், அவன் மறுத்தான். அட்டையில் பழைய முகம்தான் வரும். இதை மறைக்க எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. எழுத்துப் போடும் இடத்தில் மட்டும் என் இஷ்டம் நடந்தது: 'கிரிம்பிள்: முதல் பாகத்தின் ஐஸ்கிரீம் பெட்டிக் காட்சியிலும் இந்தப் பாகத்தின் முடிவிலும், வெர்ன் டாம்பெக்.'

ட்ரினா என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்லி வாங்குகிறாள். நேற்று ஒரு தாள் என் தட்டுக்கு அடியில் இருந்தது: 'ரஸ் அங்கிள் முகவரி.' எழுதிக் கொடுத்தேன்.

பிள்ளை இல்லாதவன் என்று எழுதியதை உன்னால் கிழித்துப் போட முடிந்தால் போடு.

வெர்ன்


பெரு
27 மே 1990

வெர்ன்,

ட்ரினாவின் கடிதம் வந்தது. நான்கு பக்கம். அதில் என்ன இருக்கிறது என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். கேட்கவும் கேட்காதே. இத்துடன் இருக்கும் சிறிய உறை அவளுக்கு. பிரிக்காமல் கொடு.

வியாழக்கிழமை, 24ஆம் தேதி, வெறும் முகத்தோடு மருத்துவமனைக்குப் போனேன். தலைமைச் செவிலியிடம், "பூசாம வந்திருக்கேன். உள்ள விடுவீங்களா?" என்றேன். விட்டார். குழந்தைகள் பிரிவின் நடுவில் நாற்காலியைப் போட்டு, டப்பாவைத் திறந்து, அத்தனை பேர் முன்னாலும் முகம் போட ஆரம்பித்தேன். முப்பத்தொரு வருட வழக்கத்தை உடைத்தேன். சங்கத்துக்காரர்கள் பார்த்தால் என்னை நீக்கிவிடுவார்கள்.

மார்சி முதலில் போர்வைக்குள் இருந்தாள். வெள்ளை பாதி ஏறியபோது ஒரு கண் வெளியே வந்தது. சிவப்பு போடும்போது, "கண்ணாடியப் புடிக்க ஆள் இல்ல, யாராவது வர்றீங்களா?" என்றேன். வந்தாள். ஊசி ஏற்றும் கம்பியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"படத்துல வர்றது நீயா?"

"கொஞ்ச நேரம் நான். ஐஸ்கிரீம் பெட்டியில இருக்கறது வேற ஆள். அந்தாளுக்கு இடது வலது தெரியாது."

என் தழும்பைத் தொட்டுப் பார்த்தாள். "இது என்ன?" என்றாள். கழுதை என்றேன். அவளே கட்டைவிரலில் நீலத்தைத் தொட்டு அதன் மேல் வைத்தாள். கோணல். அன்று முழுக்க அப்படியே விட்டுவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தை கடைசி வரை சுவரைப் பார்த்துத் திரும்பியே படுத்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். உன் இரண்டாம் கேசட் கடைக்கு வந்த பிறகு இன்னும் எத்தனை பேர் திரும்பிப் படுப்பார்களோ, தெரியாது.

உன்னை நான் மன்னிக்கவில்லை. அரை அடி தயங்கினாயே, அதற்காக மன்னிக்கலாம் என்று ஒரு நாள் தோன்றியது. தயங்கிய பிறகு எடுத்து வைத்த அடி ஞாபகம் வந்தது. விட்டுவிட்டேன். உன் கடிதத்தை நான் கிழிக்கவும் இல்லை.

இந்தக் கடிதத்தோடு வரும் பெட்டியை மெதுவாகத் திற. பொரித்த சோளத்துக்குள் புதைத்து அனுப்பியிருக்கிறேன், உடையாது. வாத்து முட்டை. மூன்று மதியம் உட்கார்ந்து வரைந்தேன். வெள்ளையும் வாயும் என்னுடையது போலவே இருக்கும். நீலம் வலது கண்ணுக்குக் கீழே. அடிப்பக்கம் எழுதியிருக்கிறேன்: 'கிரிம்பிள். முகத்துக்கு உரியவர் வெர்ன் டாம்பெக், யங்ஸ்டவுன்.' இதன் ஜோடியைச் சங்கத்துக்கு அனுப்பினேன். பதிவாகிவிட்டது. இனிமேல் அந்த முகத்தை வேறு ஒருவரும் போட முடியாது. சோபாக்காரனும் போட முடியாது, நானும் போட முடியாது.

இழுப்பறையில் வைக்காதே.

ரஸ்